அயோவா ஏன் புள்ளி எடுக்கத் திணறியது

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், 2023 சீசனில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்கைஸ் அணி 14 ஆட்டம் ஆடியது. 10 வெற்றி, 4 தோல்வி, அது ஆடும் பிக் டென் என்ற லீக்கின் மேற்குப் பிரிவில் முதலிடம். இவ்வளவு மட்டும் படித்தால் நல்ல சீசன் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 14 ஆட்டத்திலும் சேர்த்து எடுத்த புள்ளி 216, சராசரி 15.4. ஆட்டத்துக்கு எத்தனை யார்டு முன்னேறினார்கள் என்ற பட்டியலில் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டமான எஃப்.பி.எஸ். பிரிவின் 133 அணிகளில் கடைசி இடம். தோற்ற நான்கு ஆட்டத்தில் மூன்றில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பென் ஸ்டேட்டிடம் 31-0, மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. கூட்டிப் பார்த்தால் 92-0.

நான் சீடர் ராப்பிட்ஸில் இருக்கிறேன். அயோவா சிட்டியில் உள்ள கின்னிக் ஸ்டேடியத்துக்கு இங்கிருந்து காரில் அரை மணி நேரம். இந்த மாநிலத்தில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணி கிடையாது. சனிக்கிழமை கல்லூரி ஆட்டம்தான் எங்களுக்கு எல்லாமே. முதல் குவார்ட்டர் முடிந்ததும் மொத்த ஸ்டேடியமும் திரும்பி நின்று, பக்கத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கும். அதைப் பார்த்த பிறகு இந்த அணியை விட்டுவிட என்னால் முடியவில்லை. ஆகவே 2022, 2023 ஆகிய இரண்டு சீசனில் என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அயோவா பயந்து ஆடுகிறது, ஓட்டத்தையே (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதை) நம்பி இருக்கிறது, பாஸ் போட (பந்தை முன்னால் வீச) துணிவதில்லை என்பது. இதை நான் ஏற்கவில்லை. ஓட்டத்தை நம்பி ஆடிப் புள்ளி குவிக்கும் அணிகள் நிறைய உண்டு. அயோவாவே 2024இல் அப்படிக் குவித்தது. என்னைக் கேட்டால், கோளாறு ஓட்டத்துக்கும் பாஸுக்கும் இடையில் இருந்த உறவு அறுந்துபோனதில்தான். ஒரு பிளே அடுத்த பிளேக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு போக வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன், அதில் ஆடும் திட்டம்தான் பிளே. மூன்று டவுனில் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதில் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பண்ட்.

இனி அந்த சீசனில் வழக்கமாகப் பார்த்த ஒரு வரிசை. முதல் டவுனில் நடுவில் ஓட்டம். எதிரணி எட்டுப் பேரை முன்னால் நிறுத்தியிருக்கும், ஒரு யார்டு கிடைக்கும். இரண்டாவது டவுன், ஒன்பது யார்டு வேண்டும். ஒரு பாஸ், கைக்கு எட்டாமல் போகும். மூன்றாவது டவுன், அதே ஒன்பது யார்டு. எதிரணியின் ஓரத்து ஆட்கள் ஓட்டத்தைப் பற்றிய கவலையே இல்லாமல், பாஸ் வீசும் குவார்ட்டர்பேக் மேல் பாய்வார்கள். பாஸைப் பிடிக்கும் ரிசீவர் ஐந்து யார்டில் திரும்பி நின்று பந்தைப் பிடிப்பார், பிடித்த இடத்திலேயே விழுத்தப்படுவார். அப்புறம் பண்ட். முடிந்தது. மூன்றாவது டவுனில் ஐந்து யார்டு பாஸைப் பார்த்து எல்லோரும் கத்துவோம். ஆனால் அந்த வரிசை முதல் டவுனிலேயே செத்துப்போயிருந்தது. மூன்றாவது டவுனில் ஒன்பது யார்டு வேண்டும் என்ற நிலைமைக்கு நல்ல விடை எந்தக் கோச்சிடமும் அதிகம் இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி, ஏன் எப்போதும் அந்த நிலைமையிலேயே வந்து நின்றார்கள் என்பதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பல வருஷம் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என்னுடன் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போது, "பந்தைப் பார்க்காதே, லைன்பேக்கரின் முதல் அடியைப் பார்" என்றார். லைன்பேக்கர் என்றால் எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுப்பவர். அன்றிலிருந்து நான் ஆட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

அயோவாவின் ஆதார ஓட்டம் அவுட்சைட் ஸோன். பந்து கைமாறியதும் முன்வரிசை ஐந்து பேரும் ஒரே பக்கமாகக் குறுக்கே அடி எடுத்து வைப்பார்கள். பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டே பார்ப்பார். ஓரம் திறந்திருந்தால் சுற்றிப் போவார், எதிராளிகள் ஓரத்துக்கு அவசரமாக ஓடினால் உள்ளே வெட்டித் திரும்புவார். பார்க்க எளிது, செய்யக் கஷ்டம். ஐவரின் கால்களும் ஒன்றாகப் போக வேண்டும், ஒருவர் அரை அடி பிந்தினாலும் அந்தச் சந்தில் ஒரு டிஃபெண்டர் புகுந்துவிடுவார்.

இந்த ஓட்டத்தின் முழுப் பலனும் அதன் ஜோடியில் இருக்கிறது. அச்சு அசலாக அதே மாதிரி தொடங்கி, குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோலக் காட்டிவிட்டுத் தானே வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார். லைன்பேக்கர்கள் ஓட்டத்தைத் துரத்திப் போயிருப்பார்கள். அவர்கள் விட்டுப்போன வெற்றிடத்தில், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் குறுக்கே வந்து நிற்பார். வேகப்பந்து வீச்சாளரின் ஸ்லோ பால் மாதிரி: கை அதே வேகத்தில் வந்தால்தான் பேட்ஸ்மேன் ஏமாறுவார். இரண்டும் முதல் ஒரு விநாடி ஒரே மாதிரி தெரிய வேண்டும். அப்போது லைன்பேக்கர் அரை விநாடி தயங்குவார். அந்தத் தயக்கம் ஓட்டத்துக்கும் உதவும், பாஸுக்கும் உதவும்.

2022, 2023 பதிவுகளில் லைன்பேக்கர்களின் காலைப் பார்த்தேன். தயக்கமே இல்லை. ஸ்நாப் ஆன (பந்து பின்னால் தரப்பட்டு பிளே தொடங்கிய) மறுகணம் முன்னால் பாய்கிறார்கள். எதிரணிக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. பின்னால் பந்து பறக்காது என்று தெரிந்துவிட்டால் முன்னால் எட்டு என்ன, ஒன்பது பேரைக்கூட நிறுத்தலாம். அயோவா எந்த அமைப்பில் நின்றால் ஓட்டம், எதில் நின்றால் பாஸ் என்று டிவியில் பார்க்கும் எனக்கே பல முறை முன்கூட்டித் தெரிந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு வாரம் முழுக்கப் படம் பார்க்கும் எதிரணிக் கோச்சுக்குத் தெரியாமலா இருக்கும்?

பிளே அழைத்தவர் (எதை ஆட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர்) பிரையன் ஃபெரென்ட்ஸ், தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரென்ட்ஸின் மகன். 2017இலிருந்து 2023 வரை ஆஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறும் ஆட்டம், அவர் கையில் இருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பவர்களோடு நான் சேர மாட்டேன். அவருடைய முதல் சீசனிலேயே கின்னிக்கில் ஒஹாயோ ஸ்டேட்டை 55-24 என்று அடித்தார்கள். அன்று குவார்ட்டர்பேக் நேட் ஸ்டான்லி ஐந்து டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் ஆறு புள்ளி) பாஸ் போட்டார். அந்த அணியில் நோவா ஃபேண்ட், டி.ஜே. ஹாக்கின்சன் என்று இரண்டு டைட் எண்ட் இருந்தார்கள், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்டில் இருவருமே முதல் சுற்றில் போனவர்கள். எதிராளியைத் தடுக்கவும் செய்வார்கள், பந்தும் பிடிப்பார்கள். அவர்கள் களத்தில் நின்றால் அடுத்து ஓட்டமா பாஸா என்று எதிரணியால் கணிக்க முடியாது. ஆட்களே அந்த உறவைக் கட்டிக் காத்தார்கள். அவர்கள் போன பிறகு அதைப் பிளே அழைப்பால் உருவாக்க வேண்டியிருந்தது. அது நடக்கவில்லை.

திறமையான ஆட்கள் வரவில்லை என்ற சமாதானமும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. சார்லி ஜோன்ஸ் என்ற ரிசீவர் 2021இல் அயோவாவில் 21 பந்து பிடித்தார், 323 யார்டு. பந்து திருப்பி ஓடுவதில்தான் அவரைப் பெரிதாகப் பயன்படுத்தினார்கள். அடுத்த வருஷம் பர்டூ பல்கலைக்கழக அணிக்குப் போனார். 110 கேட்ச், 1,361 யார்டு, 12 டச்டவுன். அங்கே குவார்ட்டர்பேக் அவருடைய பால்ய நண்பர், பாஸை மையமாக வைத்த அணி, எல்லாம் சரிதான். அப்படியே பார்த்தாலும் 21க்கும் 110க்கும் நடுவில் உள்ள தூரம் ஒரே ஆளின் திறமை ஒரு வருஷத்தில் வளர்ந்ததால் வந்திருக்காது. அவர் போனது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

2023இல் காயங்கள் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிச்சிகனிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாராவுக்கு மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. டைட் எண்ட் லூக் லேச்சி அதற்கு முன்பே கணுக்கால் காயத்தால் வெளியே. இன்னொரு டைட் எண்ட் எரிக் ஆல், விஸ்கான்சின் ஆட்டத்தோடு அவருக்கும் சீசன் முடிந்தது. மாற்றாக வந்த டீக்கன் ஹில் போட்ட பாஸ்களில் பாதிகூடச் சேரவில்லை. அந்தப் பையனைக் கூட்டம் திட்டியபோது எனக்கு மனம் கேட்கவில்லை. முதல் டவுனில் சுலபமான பாஸ் ஒன்றிரண்டு கொடுத்து அவருக்கு நம்பிக்கை வரவைத்திருக்கலாம். எப்போதும் மூன்றாவது டவுன், ஒன்பது யார்டு, முகத்துக்கு நேரே மூன்று பேர் என்ற நிலைமையில்தான் அவர் பந்தை வீச வேண்டியிருந்தது. பென் ஸ்டேட் ஆட்டத்தில் மெக்நமாரா ஆடியபோதே மொத்தம் 76 யார்டு, நான்கு ஃபர்ஸ்ட் டவுன் (பத்து யார்டைக் கடந்து புதிதாக நான்கு முயற்சி பெறுவது). 60 நிமிஷ ஆட்டத்தில் 45 நிமிஷத்துக்கு மேல் பந்து பென் ஸ்டேட்டிடம் இருந்தது. ஆகவே காயத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

அப்புறம் எப்படி 10 ஆட்டம் ஜெயித்தார்கள்? கோச் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் ஆட்கள்), பண்ட் உதைக்கும் டோரி டெய்லரின் கால். மெல்போர்னிலிருந்து வந்த டெய்லர் 2023இல் மட்டும் 4,479 யார்டு பண்ட் உதைத்தார், 1938இலிருந்து நின்ற சாதனை உடைந்தது. அவர் உதைக்க வரும்போது கின்னிக்கில் எழும் ஆரவாரத்தை நேரில் கேட்டிருக்கிறேன். பந்து உயரப் போய், எதிரணியின் ஐந்து யார்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து, உருளாமல் அப்படியே நிற்கும். எதிரணி அங்கிருந்து தொடங்க வேண்டும். பார்க்கரின் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 2022 தொடக்க ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்தது இப்படித்தான். அந்த ஏழு புள்ளியில் டச்டவுனே இல்லை. ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), டிஃபென்ஸ் எடுத்த இரண்டு சேஃப்டி (எதிரணியை அதன் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் மடக்கி எடுக்கும் இரண்டு புள்ளி).

கிர்க் ஃபெரென்ட்ஸின் கணக்கு இதுதான்: நாம் தப்பு செய்யாமல் இருந்தால் போதும், எதிரணி ஒரு நேரம் தப்பு செய்யும். 1999இலிருந்து இந்தக் கணக்கில் அவர் நிறைய ஜெயித்திருக்கிறார், அதை நான் மதிக்கிறேன். நார்த்வெஸ்டர்னை 10-7, நெப்ராஸ்காவை 13-10 என்று ஜெயிக்க அது போதும். தப்பு செய்யாத அணி எதிரே வந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் 92-0. அவர்கள் நம்மைவிட நல்ல அணிகள், தோற்பதில் வெட்கம் இல்லை. ஒரு ஃபீல்ட் கோலுக்குக்கூட வழி தெரியாமல் நின்றதுதான் மனதை அறுத்தது.

இதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த தீர்வு என்னை இன்னும் கோபப்படுத்துகிறது. 2023 பிப்ரவரியில் பிரையனின் சம்பளத்தை 50,000 டாலர் குறைத்து 8,50,000 ஆக்கினார்கள். ஒப்பந்தம் தொடர வேண்டுமானால் அணி சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும், 7 ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். டிஃபென்ஸ் எடுக்கும் புள்ளியும் அந்த 25இல் சேரும். எதிரணி பாஸை இடைமறித்து டிஃபென்ஸின் ஓரத்து ஆளான ஒரு கார்னர்பேக் ஓடி எடுக்கும் ஆறு புள்ளி, ஆஃபென்ஸ் கோச்சின் கணக்கில் வரவாகிறது! ஆஃபென்ஸ் முன்னேறுகிறதா என்று பார்க்க, முதல் டவுனில் எத்தனை யார்டு, மூன்றாவது டவுனில் எவ்வளவு தூரம் பாக்கி, பெரிய பிளே எத்தனை என்று பார்த்திருக்க வேண்டும். அதை விட்டு மொத்தப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டார்கள். விளைவு, நாடே உட்கார்ந்து அந்த எண்ணை எண்ண ஆரம்பித்தது. கல்லூரிப் பையன்கள் ஆடும் ஒவ்வொரு வரிசையும் ஒரு கோச்சின் வேலைக் கணக்காகிவிட்டது. அணி 6 வெற்றி, 2 தோல்வி என்று இருந்த அக்டோபர் 30 அன்று, இந்த சீசனோடு அவர் விலகுவார் என்று அறிவித்தார்கள்.

அன்று அப்பா தலைமைக் கோச், மகன் ஆஃபென்ஸ் கோச். பல்கலைக்கழக விதிப்படி மகனுக்கு மேலதிகாரி அப்பா இல்லை, விளையாட்டு இயக்குநர். காகிதத்தில் இது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை படம் போட்டுப் பார்க்கும் அறையில், "இந்தப் பிளேயை இனி அழைக்காதே" என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது? பிரையன் கெட்டிக்காரராகவே இருந்தாலும், இந்த ஏற்பாடு அவருக்கே கெடுதல் செய்தது என்பது என் கருத்து.

2024இல் பிரையனின் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். வெஸ்டர்ன் மிச்சிகனில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், ஒரு வருஷம் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியில் வேலை பார்த்தவர். முன்வரிசையில் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். ரன்னிங் பேக் கேலப் ஜான்சனும் பழையவர், 2023இல் 463 யார்டு ஓடியவர். 2024இல் அதே ஜான்சன் 1,537 யார்டு, ஓட்டத்தில் 21 டச்டவுன். அணி 13 ஆட்டத்தில் 360 புள்ளி, சராசரி 27.7.

லெஸ்டர் பாஸை அதிகமாக்கவில்லை. ஸ்நாப்புக்கு முன் ஆட்களை நகர்த்தினார். ரிசீவர் ஒருவர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுவார், டைட் எண்ட் இடம் மாறுவார். எதிரணி ஒவ்வொருவரும் தன் சந்து எது என்று மறுபடி எண்ண வேண்டும். மறுபடி லைன்பேக்கர்களின் காலைப் பார்த்தேன். ஸ்நாப்புக்கு முன்பே பக்கவாட்டில் ஓரடி நகர்கிறார்கள், பந்து கைமாறும்போது குதிகால் தரையில் பதிந்திருக்கிறது. ஜான்சனுக்கு அந்த அரை விநாடிதான் தேவைப்பட்டது.

விஸ்கான்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் 15-6 என்று ஜெயித்தோம், பாஸில் 37 யார்டு, லெஷான் வில்லியம்ஸின் 82 யார்டு ஓட்டம் காப்பாற்றியது. 2024இல் 42-10. அன்றும் பாஸ் 100 யார்டை எட்டவில்லை, ஓட்டம் 300ஐத் தாண்டியது. இரண்டு வருஷமும் ஓட்டத்தை நம்பிய அணிதான். ஓட்டம் ஆடியதால் புள்ளி வரவில்லை என்பவர்கள் இந்த இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் 2024இல் வெற்றி எண்ணிக்கை 8 ஆகக் குறைந்தது. ஐந்து தோல்வியில் மூன்று, மூன்று புள்ளிக்குள்: அயோவா ஸ்டேட்டிடம் 20-19, யூ.சி.எல்.ஏ.விடம் 20-17, மிசௌரியிடம் 27-24. டெய்லர் போய்விட்டார், கார்னர்பேக் கூப்பர் டிஜீன் போய்விட்டார். கடைசி சில நிமிஷங்களில் பாஸ்தான் போட்டாக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும் நேரத்தில் அந்த அணியிடம் அப்போதும் விடை இல்லை. ஸ்நாப்புக்கு முன் ஆட்களை நகர்த்தியது ஒரு பாதியைச் சரிசெய்தது, மற்ற பாதிக்குக் குவார்ட்டர்பேக் தேவைப்பட்டார்.

அதற்குத்தான் 2025இல் மார்க் க்ரோனவ்ஸ்கி வந்தார். சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்கு இரண்டு முறை எஃப்.சி.எஸ். (எஃப்.பி.எஸ்.ஸுக்கு அடுத்த மட்டம்) சாம்பியன்ஷிப் வாங்கித் தந்தவர். தோள்பட்டை அறுவை சிகிச்சையால் வசந்தகாலப் பயிற்சியில் ஆடவில்லை. அதனால் ரிசீவர்களோடு பழக அவருக்குக் கோடை மட்டும்தான் கிடைத்தது. ஆகஸ்ட் 30 அல்பனி ஆட்டத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, யார் ஆடினாலும் ஜெயிப்போம் என்று அந்த சீசனுக்கு முன் நினைத்தேன். அதற்கு அடுத்த வாரம் ஏம்ஸில் அயோவா ஸ்டேட்டுக்கு எதிராக, முதல் பாதியில், முதல் டவுனில், அவுட்சைட் ஸோன் போலவே தொடங்கும் பிளேயிலிருந்து லெஸ்டர் எத்தனை முறை பாஸ் அழைக்கிறார் என்று குறித்து வைக்க முடிவு செய்தேன். நான்கு, ஐந்து முறை அழைத்தால் போதும், பந்து சேராவிட்டாலும் பரவாயில்லை என்பதே அன்று என் எண்ணம்.